பெட்டியைத் திறக்கும் முன் கார் எண்ணைத் தீர்மானியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி, போர்ஷே கார்களுக்கான 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதிலிருந்து எண்டூரன்ஸ் பந்தயம் (பல மணி நேரம் தொடர்ந்து ஓடும் பந்தயம்) என்ற பேச்சு தமிழ் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. 2012-இல் சென்னைக்காரரான கருண் சந்தோக், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகி, தன் அணியோடு ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக முடித்தபோது இந்த ஆர்வத்தில் பாதிகூட இல்லை. இப்போது அந்தக் கார்களின் சிறு மாதிரிகளுக்கான பிளாஸ்டிக் கிட்டுகளை (உதிரிகளாக வரும் பெட்டிகளை) வாங்கிக் கட்ட விரும்பும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். பலர் முதல் கிட்டிலேயே மனம் உடைந்து அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கைத்திறன் குறைவால் அப்படி ஆவதில்லை. எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தராததுதான் காரணம். அதற்காகவே இந்தக் கடிதம்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. "ஒரு போர்ஷே வேண்டும்" என்று கேட்டு வாங்குகிறார்கள். பந்தயக் கார் கிட்டில் ‘ஒரு போர்ஷே’ என்று எதுவும் கிடையாது. இந்த ஆண்டு, இந்தப் பந்தயம், இந்த எண் கொண்ட கார் என்றுதான் உண்டு. 1970-இல் லெ மானில் போர்ஷேக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்தது, சிவப்பும் வெள்ளையுமான 23-ஆம் எண் 917K. ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு வென்ற மார்ட்டினி அணியின் 22-ஆம் எண்ணும் 917K-தான். ஆனால் அதன் வால் பகுதியில் இரண்டு செங்குத்துத் துடுப்புகள் நிற்கும். 1970 காரில் அவை இல்லை. ஆகவே ஃபுஜிமி நிறுவனத்தின் 1/24 அளவு (உண்மைக் காரில் 24-இல் ஒரு பங்கு) 917K பெட்டிகளில் எந்த ஆண்டு வால் இருக்கிறது என்று பார்க்காமல், டெக்காலை (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படத்தை) மட்டும் வாங்கி ஒட்டினால் அது எந்த ஆண்டின் காராகவும் ஆகாது.

போர்ஷே 956-க்கும் 962-க்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஓட்டுநரின் பாதங்கள் முன் அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதிக்காக 962-இல் முன் சக்கரங்களை முன்னே தள்ளினார்கள். அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,650 மி.மீட்டரிலிருந்து 2,770 மி.மீட்டராக ஆனது. 1/24 அளவில் இந்த 120 மி.மீ. சரியாக 5 மி.மீ. ஆகும். 956 கிட்டில் 962-இன் டெக்காலை ஒட்டினால், பார்த்தவுடன் தெரியும் பிழை அது. 1991-இல் மாஸ்டா லெ மானுக்கு மூன்று கார்களைக் கொண்டுவந்தது. வென்றது ஆரஞ்சும் பச்சையுமான 55-ஆம் எண் 787B. 18-ஆம் எண்ணும் 787B-யே. 56-ஆம் எண் அதற்கு முந்தைய 787. ஒரே பந்தயத்தில் ஒரே அணியிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

எனவே பெட்டியைத் திறக்கும் முன் எண்ணைத் தீர்மானியுங்கள். பிறகு அந்தக் காரின் படங்களை முன், பின், இரு பக்கம், மேல் என்று சேர்த்து வையுங்கள். சோதனை ஓட்டம், தகுதிச் சுற்று, பந்தயத் தொடக்கம், முடிவு ஆகிய நான்கிலும் ஒரே கார் நான்கு விதமாக இருக்கும். ஸ்டிக்கர் கூடும், கூடுதல் விளக்கு வரும், இரவில் அடிபட்ட முன்பகுதி காலையில் மாற்றப்பட்டிருக்கும். எந்த நேரத்துக் காரைக் கட்டுகிறோம் என்பதில் உறுதி இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தொடக்கக்காரர்களுக்கு 1/24 அளவே ஏற்றது. கிட்டும், டெக்காலும், கூடுதல் உதிரிகளும் அதிகம் கிடைப்பது இந்த அளவில்தான். டமியா நிறுவனத்தின் டொயோட்டா TS050 போன்ற, எஞ்சின் இல்லாத புதிய கிட் முதல் முயற்சிக்கு நல்லது. உண்மைக் கார் 4,650 மி.மீ. நீளம் என்பதால் மாதிரி ஏறக்குறைய 194 மி.மீ. வரும், உள்ளங்கையில் வைத்து வேலை செய்யலாம். 1/43 ரெசின் கிட்டுகள் சிறியவை என்பதால் எளியவை என்று நினைக்காதீர்கள். குழிகளும் காற்றுக் குமிழ்களும் நிரப்பிச் சரிசெய்ய வேண்டியவை அவை. 1/12 கிட்டுகள் நான்கைந்து கட்டிய பிறகு தொட வேண்டியவை.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒருபக்கம் தட்டையான நல்ல நிப்பர், 11-ஆம் எண் பிளேடு போட்ட கத்தி, கூர்முனைச் சாமணம், 0.3 முதல் 1 மி.மீ. வரை துளையிடும் கைத்துரப்பணம், 400, 600, 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்கள், மாஸ்கிங் டேப். பசையில் இரண்டு வகை போதும். பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும் மெல்லிய சிமென்ட் ஒன்று, கண்ணாடிப் பகுதிகளுக்கு வெள்ளையாக இருந்து உலர்ந்ததும் தெளிவாகும் பசை ஒன்று. விரைவுப் பசையைக் கண்ணாடிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளைப் புகை பிடித்ததுபோல் ஆகிவிடும்.

பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ரப்பர் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். டயரில் உள்ள மென்மையாக்கும் பொருள் மெல்லக் கசிந்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கும். பல ஆண்டுகள் திறக்காமல் சேகரித்த பெட்டிகளில் முன்கண்ணாடியில் டயரின் தடம் பதிந்திருப்பது இதனால்தான். டெக்கால் தாளையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் மடிக்காமல் வையுங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் டெக்கால் அதன் மேல்தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

பாகங்களை, அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும் முன் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. வெட்டும்போது முதலில் 1 மி.மீ. விட்டு வெட்டி, பிறகு மிச்சத்தைச் சீவுங்கள். ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும். அடர்நிறப் பிளாஸ்டிக்கில் அது அப்படியே தெரியும்.

அடுத்து, பெயின்ட் தொடும் முன் உடல், அடிப்பகுதி, சக்கரம், கண்ணாடி எல்லாவற்றையும் டேப் போட்டு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். முகப்பு விளக்கின் மூடி குழியில் பொருந்துகிறதா, பின் மூடி சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள். இப்போது சரியாக இருந்தாலும் பின்னால் இடிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு முகத்தில் 0.1 மி.மீ. ஏறினால், இரண்டு முகங்கள் சேருமிடத்தில் 0.2 மி.மீ. ஆகிவிடும். உண்மைக் காரில் அது ஏறத்தாழ 5 மி.மீ. கனம். பொருந்தும் விளிம்புகளை டேப் போட்டு மறைத்து விடுவதும், மூடிகளின் ஓரத்தை 600 எண் தாளால் இரண்டு இழுப்பு தேய்த்துவைப்பதும் அதற்காகவே. உடலில் உள்ள கதவுக் கோடு, மூடிக் கோடு ஆகியவற்றையும் 0.15 மி.மீ. உளியால் மெல்ல ஆழமாக்குங்கள். பழைய அச்சுகளில் இந்தக் கோடுகள் மேலோட்டமாக இருக்கும். கிளியர் அடித்ததும் நிரம்பிக் காணாமல் போய்விடும்.

இனி நிறம். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு மூன்றும் அடிநிறத்தை மறைக்காத நிறங்கள். சாம்பல் பிரைமரின் மேல் அடித்தால் அழுக்கேறிய ஆரஞ்சுதான் கிடைக்கும். மாஸ்டா 55-க்கு வெள்ளைப் பிரைமரே சரி. முழுச் சிவப்புக் காருக்கு இளஞ்சிவப்புப் பிரைமர் நல்லது. காற்றழுத்தத்தால் நிறம் தூவும் ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 18 பி.எஸ்.ஐ. அழுத்தம், லாக்கர் (வேகமாக உலரும் பெயின்ட்) ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் இரண்டு பங்கு. ஸ்ப்ரே கேன் என்றால் 15 முதல் 20 செ.மீ. தூரம். முதல் பூச்சு தூவியதுபோல் இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது. மூன்றாவதுதான் ஈரமாக, பளபளப்பாக விழ வேண்டும். முதலிலேயே ஈரமாக அடித்தால் விளிம்புகளை விட்டு நிறம் விலகி, குழிகளில் தேங்கும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லாத சிக்கல் நமக்கு ஒன்று உண்டு: ஈரப்பதம். லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் நீர் அதில் படிகிறது. பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் சென்னையில் இது அடிக்கடி நடக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் பளபளப்பு நிறம் அடிக்காதீர்கள். பொதுவாக அதிகாலையைவிடப் பிற்பகலில் ஈரப்பதம் குறையும். கம்ப்ரசரில், காற்றின் நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறி மாட்டுங்கள், தின்னரில் மெதுவாக உலரச் செய்யும் ரிடார்டர் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். பூத்துவிட்டால் பதறித் தேய்க்க வேண்டாம். ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் வெண்மை கரைந்துவிடும்.

இன்னொன்று. கிட் விமானத்தில் வரும், எரியக்கூடிய பெயின்டும் ஸ்ப்ரே கேனும் அப்படி எளிதில் வராது. அதனால் பலர் கார் பெயின்ட் கடையில் டியூகோ என்ற கார் லாக்கரும் அதைக் கரைக்கும் என்.சி. தின்னரும் வாங்குகிறார்கள். தவறில்லை. ஆனால் அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கும் வீரியம் கொண்டது. பாகங்களை வெட்டிய பின் மிஞ்சும் சட்டத்தில் அடித்து ஒருநாள் விட்டுப் பாருங்கள். பரப்பு சொரசொரத்தால், கிட்டுக்கான பிரைமரை நன்றாகப் பூசி உலரவிட்ட பிறகே மேலே மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும்.

டெக்கால்தான் இந்தக் கலையின் உயிர். சாலைக் காரின் மாதிரியில் நல்ல பெயின்ட் போதும். பந்தயக் காரில் ஐம்பது, நூறு டெக்கால்கள் சேர்ந்துதான் அது எந்தக் கார் என்று சொல்கின்றன. காசையும் பொறுமையையும் வேறெங்கு குறைத்தாலும் இங்கே குறைக்கக் கூடாது.

1980-களின் குரூப் சி என்ற பந்தயப் பிரிவின் கார்கள் பலவற்றுக்கு அவற்றின் நிறத்தைத் தந்தவை சிகரெட் நிறுவனங்கள். 1982 லெ மானில் 1, 2, 3 என்ற எண்களோடு அதே வரிசையில் முடித்த போர்ஷே 956-கள் ராத்மன்ஸ் நிறத்தில் ஓடின. 1988-இல் வென்ற ஜாகுவார் XJR-9 ஊதாவும் வெள்ளையுமான சில்க் கட் நிறம். இன்று விற்கும் கிட்டுகளில் பெரும்பாலும் அந்தப் பெயர்கள் இருக்காது. கோடுகள் இருக்கும், எழுத்து இராது. தனி நிறுவனங்கள் அச்சிடும் டெக்கால் தாளைக் கிட்டோடு சேர்த்தே வாங்குங்கள். சிறு எண்ணிக்கையில் அச்சாவதால் ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை கிட்டை மிஞ்சும். பெயின்டின் ஊதாவை டெக்காலின் ஊதாவுக்குத்தான் பொருத்த முடியும், டெக்காலை மாற்ற முடியாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் கலந்த நிறத்தை அடித்து, பயன்படாத டெக்கால் துண்டை அதில் ஒட்டி, கிளியரும் அடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு உடலைத் தொடுங்கள்.

பழைய தாள் என்றால் முதலில் சோதனை. தாளின் ஓரத்தில் இருக்கும் நிறுவனப் பெயரை வெட்டி நீரில் போடுங்கள். நொறுங்கினால், முழுத் தாளின் மேலும் கிளியர் லாக்கரை மெல்லிய இரண்டு பூச்சு அடித்து ஒருநாள் உலரவிடுங்கள். பிறகு ஒவ்வொரு டெக்காலையும் அச்சிட்ட படத்தின் விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும், ஏனென்றால் இப்போது தாள் முழுவதும் ஒரே படலமாகிவிட்டது. மஞ்சளித்த தாளை ஜிப் பையில் வைத்து வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவைத்தால் சில நாட்களில் வெளுக்கும். நம் வெயிலுக்கு ஒரு வாரம் தாராளம். தினமும் பாருங்கள், நிறங்களும் சேர்ந்து வெளுக்கக் கூடாது.

ஒட்டும் முன் உடல் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறமாகத் தெரியும். பின்னால் எதைப் பூசினாலும் அது மறையாது. வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 விநாடி நனைத்து, ஈரத் துணியில் ஒரு நிமிடம் வையுங்கள். தானாகத் தாளிலிருந்து நழுவும். நீரிலேயே மிதக்கவிட்டால் பசை கரைந்து போய்விடும். உடலில் ஒட்டும் இடத்தில் டெக்காலைப் பிடிக்கவைக்கும் மார்க் செட்டர் போன்ற திரவத்தைத் தடவி, டெக்காலை நழுவவிட்டு இடம் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரப் பஞ்சுக்குச்சியால் உருட்டி நீரை வெளியேற்றுங்கள். சக்கர வளைவு, காற்றுத் துளை போன்ற இடங்களில் டெக்காலை மென்மையாக்கும் மார்க் சாஃப்டர் தடவினால் டெக்கால் சுருங்கி, நெளிந்து, கெட்டுப்போனதுபோல் தெரியும். அப்போது கை வைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் தானே படியும். அந்தப் பத்து நிமிடத்தில் விரல் பட்டுக் கிழிந்த டெக்கால்கள் எண்ணிலடங்கா. அப்படியும் படியாத மேட்டில், சுடுநீரில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியை அழுத்திப் பிடியுங்கள். இத்தாலியின் கார்ட்டோகிராஃப் அச்சிட்ட டெக்கால்கள் கெட்டியானவை, திரவத்தைத் தாங்கும். சில மெல்லிய தனித் தாள்கள் தாங்காது. முதலில் நீர் கலந்து தடவிப் பாருங்கள்.

கதவுக் கோட்டைக் கடக்கும் டெக்காலை முழுதாக உலர்ந்த பின் புதுப் பிளேடால் கோட்டின் மேல் கீறி, மீண்டும் ஒரு சொட்டு சாஃப்டர் விடுங்கள். அடர்நிறத்தின் மேல் வெள்ளை வட்டமும் எண்ணும் வந்தால் அடிநிறம் ஊடுருவித் தெரியும். வட்டத்தை மாஸ்க் வெட்டிப் பெயின்டாகவே அடிப்பது மேல். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்ட முயல வேண்டாம். ஒரு பக்கம் முடித்து உலரவிட்டு மறுபக்கம் போங்கள், இல்லையென்றால் பிடித்த விரலே ஒட்டியதை நகர்த்தும்.

கார்பன் ஃபைபரின் பின்னலைக் காட்டும் டெக்கால் பற்றிப் பெரும் மோகம் இருக்கிறது. உண்மைக் காரில் பின்னலின் ஒரு கட்டம் இரண்டு மூன்று மி.மீட்டர் அகலம் என்றால் 1/24-இல் அது 0.1 மி.மீ. அளவே. கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட்ட பின்னல் பெரும்பாலும் அளவு மீறியது. முன்னிறக்கை, இருக்கை, ஓட்டுநர் தொட்டி என்று வெளியே தெரியும் சில இடங்களில் மட்டும் ஒட்டி, மற்றவற்றை அரைப் பளபளப்புக் கறுப்பில் விடுவதே கண்ணுக்கு உண்மையாக இருக்கும் என்பது எங்கள் கருத்து.

டெக்கால் முடிந்து இரண்டு நாள் உலர்ந்ததும், ஈரத் துணியால் பசைக் கறையையும் திரவக் கறையையும் துடைத்தெடுங்கள். விட்டுவிட்டால் கிளியருக்கு அடியில் மஞ்சள் வளையமாக நிரந்தரமாகும். லாக்கர் கிளியர் என்றால் முதல் இரண்டு பூச்சும் உலர்ந்த தூவலாகவே இருக்கட்டும், ஈரமாக அடித்தால் டெக்கால் வெடிக்கும். இரண்டு பாகம் கலக்கும் யூரித்தேன் கிளியர் கண்ணாடிபோல் வரும். ஆனால் அதன் கடினமாக்கியில் மூச்சுக்குத் தீங்கான ஐசோசயனேட் உண்டு. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிப்பான் பொருத்திய முகமூடி, கையுறை, வெளிக்காற்று மூன்றும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். சிறுவர்கள் கையில் கொடுக்கவே கூடாது. மெருகேற்ற 2000, 3000 எண் தாள், பிறகு காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை. விளிம்பும் மேடும் முதலில் தேய்ந்து அடிநிறம் தெரியும், அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். 1989-இல் வென்ற சாபர் மெர்சிடீஸ் C9 போன்ற வெள்ளி நிறக் கார்களில் கிளியர் அடிக்காமல் வெள்ளியை நேரடியாகத் தேய்த்தால் துகள்கள் கலைந்து திட்டாகும்.

சிறு வேலைகளில் இருக்கைப் பட்டையைச் சொல்லியாக வேண்டும். உண்மையில் 75 மி.மீ. அகலப் பட்டை 1/24-இல் 3 மி.மீட்டருக்குச் சற்று மேல், 50 மி.மீ. பட்டை 2 மி.மீ. டெக்கால் பட்டையைவிட, அந்த அகலத்தில் வெட்டிய மாஸ்கிங் டேப்பை நிறமிட்டு உலோகக் கொக்கி மாட்டினால் மூடிய காரின் கண்ணாடி வழியே பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். டயரின் நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை 400 எண் தாளால் தேய்த்தெடுங்கள்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு சொல். நின்றுபோன கிட்டை விலை ஏறும் என்று வாங்கி அடுக்காதீர்கள். ஜப்பானிய நிறுவனங்கள் பழைய அச்சுகளை மீண்டும் ஓடவிடுகின்றன, டமியாவின் மாஸ்டா 787B-யும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப வந்தது. அப்படி வரும்போது டெக்கால் புதிதாக இருக்கும், பழைய பெட்டியில் இருப்பதோ மஞ்சளித்திருக்கும். கட்டி முடித்த காரை உடனே அக்ரிலிக் பெட்டிக்குள் மூடிவிட வேண்டாம். பெயின்டின் ஆவி முழுதும் வெளியேற இரண்டு மூன்று வாரம் திறந்தே இருக்கட்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பந்தயக் கார் படம் வரும்போது, அதன் அடியில் கார் எண், பந்தயம், ஆண்டு, முடிந்தால் எந்த நாள் எடுத்தது என்பதையும் அச்சிடுங்கள். ‘பந்தயத்தில் சீறிய கார்’ என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கட்ட முடியாது. பக்கவாட்டுப் படம் கையில் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் சிறு ஸ்டிக்கர்கள் முன்பக்கப் படத்தில் ஒருபோதும் தெரிவதில்லை.

இப்படிக்கு,
மாதிரிக் கார் கட்டும் வாசகர்கள் சிலர்,
சென்னை.